வருகையின் நோக்கம்

கார்த்திகையில்தான் எனக்கு லீவு.
உப்புவெளியில் மழை இறங்கி,
கடைசி வெள்ளைக்காரனும் சறுக்குப் பலகையோடு
வெலிகமவுக்கு பஸ் ஏறின பிறகு,
பதினாலு அறையின் மெத்தைகளையும்
சுவரில் சாத்திவிட்டு.

அப்போது இஷிகாக்கியில் சூறாவளிக் காலம் முடிந்திருக்குமாம்.
கடல் இருபத்தைந்து பாகை.
பார்த்து வைத்திருக்கிறேன்.

நிமலகாந்தன் சிரிக்கிறான்:
“கடல் பார்க்கக் கடல் தாண்டிப் போறியா?
பவளப்பாறையெண்டால் புறாமலைக்கு
நிலாவெளியிலயிருந்து வள்ளம் இருபது நிமிசம்.”

உண்மைதான்.
புறாமலைக்கு நானூறு பேரையாவது அனுப்பியிருப்பேன்,
மூச்சுக்குழாய், முகக்கண்ணாடி, தண்ணீர்ப் போத்தல் கொடுத்து.
துவாய்கள் ஈரமாய்த் திரும்பி வரும்,
எண்ணினால் ஒன்று குறையும்.
நான் போனது ஒரேயொருக்கா.
அதுவும் ஒரு ஜெர்மன்காரி விட்டுவந்த செருப்பைத் தேடி.

எனக்கு வேண்டியது கடல் இல்லை.
நான் படுத்தெழுந்த விரிப்பை
வேறொருத்தி உதற வேண்டும்.
புறப்படும்போது குறிப்பேட்டைக் கேட்டு வாங்கி
‘குழாயில் தண்ணீர் வேகம் போதாது’ என்று
எழுத வேண்டும்.
எழுதமாட்டேன்.
விரிப்பையும் நானே மடித்து வைத்துவிட்டுத்தான் வருவேன்.
ஆனாலும்.

போன ஆடியில் ஆறாம் அறைக் கியோகோ
பெருவிரல் அளவுப் போத்தலொன்றை
மேசையில் விட்டுப் போனாள்.
மறந்தாளாக்கும் என்று ஓட்டோவின் பின்னால் ஓடினேன்.
இல்லையாம், எனக்குத்தானாம்.
உள்ளே மணல்.
வெளிச்சத்தில் பிடித்தால் ஒவ்வொரு மணியும் நட்சத்திரம்.
மணலில்லை, செத்துப்போன சின்ன உயிர்களின் ஓடு,
தன் ஊர்க் கரையெல்லாம் இதுதான் என்று
ஓட்டோவில் இருந்தபடி
விரல்களால் எப்படியோ சொல்லிவிட்டாள்.

இரவு ரயிலில் கொழும்பு.
பிறகு சிங்கப்பூர், பிறகு நாஹா,
பிறகு சின்ன விமானம், பிறகு ஒரு படகு.
அந்தப் படகு போய் முட்டுகிற தீவில்
காட்டுப்பூனை நூறளவில்தான் மிச்சமாம்.
அதற்காக வீதியெங்கும் பலகை: மெதுவாகப் போ.
எங்கள் பஸ் நிலையத்தில் புள்ளிமான்
விழாத லொத்தர் சீட்டைத் தின்றுகொண்டு நிற்கிறது.
ஹோன் அடித்தால்
சாரதியைத்தான் ஏற இறங்கப் பார்க்கும்.

அறை தேடுகிறோம்.
“கீழ்மாடி, கதவைத் திறந்தால் மணல்” என்கிறான்.
நான் மூன்றாம் மாடியைத் தொடுகிறேன்.
ஏனென்று அவன் கேட்கவில்லை.
ஜப்பான் மொழியில் எங்கள் இருவருக்கும் தெரிந்தது
ஒரு சொல்தான்.
அதை வீட்டுக்குள் சொல்வதில்லை.
நாலாயிரம் யென் கூட.
“சரி, போடு.”

விசாவுக்கு வங்கிக் கணக்கு கேட்கிறார்கள்,
வேலைக் கடிதம் கேட்கிறார்கள்,
எந்த நாள் எங்கே நிற்பேன் என்று அட்டவணை கேட்கிறார்கள்.
நாற்பத்திரண்டாம் ஆண்டு சித்திரையில்
அவர்களின் விமானங்கள் சீனன்குடாவுக்கு மேல் வந்தபோது
இதொன்றையும் யாரும் கேட்கவில்லை.
எரிந்த எண்ணெய்க் குதத்தின் இரும்பு
இன்னும் பற்றைக்குள் மெழுகாய்ச் சரிந்து கிடக்கிறது.
அந்தக் காட்டோரமாகத்தான்
இவன் மாவாலைக்கு வேலைக்குப் போகிறான்.
கியோகோவை நான் அங்கே கூட்டிப் போகவில்லை.
பப்பாசிப் பழத்துக்குத் தேசிக்காய் பிழிந்து கொடுத்தேன்.
இரண்டு தரம் கேட்டுச் சாப்பிட்டாள்.

கடைசிப் பக்கம் வந்துவிட்டது.
நாடு திரும்புவீர்கள் என்பதற்கு ஆதாரம்?

காணி இல்லை. பிள்ளை இல்லை.
இவன் பேனாவைக் கடிக்கிறான்.

சீட்டில் இன்னும் ஏழு மாசம் கட்டக் கிடக்கு.
கழிவு கூடக் கேட்டு,
இந்தப் பயணத்துக்கென்றே முதலில் எடுத்தாச்சு.
சீட்டுப் பிடிக்கிற சிவயோகமலர் அக்காவுக்குக் காசு வைத்துக்கொண்டு
ஜப்பானில் என்ன,
சந்திரனில் போயும் ஒளிய ஏலாது.

இதை அவர்களுக்கு
எந்தப் பெட்டிக்குள் எழுதுவது?